மதுவக் கலம் தன் உணவை அறியும் விதம்: மலையக அடுக்களையில் செய்து பார்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நுவரெலியாவில் சனவரி மாதத்து விடியற்காலையில் புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது, முதல்நாள் இரவு பணிசுக்காகப் பிசைந்து மூடி வைத்த மாவும் வைத்தது வைத்தபடியே கிடக்கும். அதைக் கண்டவுடன் "சீனி பத்தவில்லை" என்று சொல்லி இன்னும் இரண்டு கரண்டி சீனியைச் சேர்ப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். பெரும்பாலான வேளைகளில் அது தவறான மருந்து. அந்த மாவில் இருக்கும் கலங்களுக்குச் சீனி குறையவில்லை, சூடுதான் குறைந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய சீனியோ அவற்றின் வேலையை மேலும் தாமதமாக்கும். ஏன் அப்படி என்பதை அறிய வேண்டுமானால், கடையில் ஈஸ்ட் என்றும் பாடநூலில் மதுவம் என்றும் சொல்லப்படும் இந்த ஒரு கல உயிர் தன்னைச் சுற்றி என்ன உணவு இருக்கிறது என்பதை எப்படி அறிகிறது, அறிந்த பிறகு வளர்வதா நிற்பதா என்று எப்படித் தீர்மானிக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

தொடங்குமுன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. மதுவம் வாயு விடுவது வேறு, வளர்ந்து பெருகுவது வேறு. பொங்கும் மாவைப் பார்த்து மதுவம் பெருகுகிறது என்று உயர்தர மாணவர்கள்கூட எழுதிவிடுகிறார்கள். இருக்கிற கலங்கள் சீனியை உடைத்தாலே வாயு வந்துவிடும். புதிய கலம் ஒன்று உண்டாக வேண்டுமானால் சீனியோடு நைதரசனும் பொசுபேற்றும் விற்றமின்களும் கிடைத்தாக வேண்டும். இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கும் வகையில்தான் கீழுள்ள படிகளை அமைத்திருக்கிறேன். உலர்ந்த மதுவம், சீனி, சீனி சேராத பால்மா, மார்மைட், தெளிந்த பிளாஸ்டிக் போத்தல்கள், பலூன்கள், ஒரு வாளி ஆகியன போதும். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டி கிடைத்தால் ஆறாம் படியையும் செய்துவிடலாம்.

முதற்படி: உறங்கும் கலத்தை எழுப்புதல்

பைக்கற்றில் உள்ள பழுப்பு மணி ஒவ்வொன்றிலும் ஏராளமான கலங்கள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு கலத்தின் விட்டம் ஏறத்தாழ 5 முதல் 10 மைக்கிரோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் 100 முதல் 200 கலங்களை வரிசையாக அடுக்கலாம். நீர் வற்றிய நிலையிலும் அவை சாகாமல் இருப்பதற்கு ட்ரெகலோசு என்ற இருசக்கரைட்டு பெரிதும் உதவுகிறது. அது மென்சவ்வையும் புரதங்களையும் உருக்குலையாமல் தாங்கிப் பிடிக்கிறது. இந்தச் சேமிப்பும் தானாக வந்ததன்று. தொழிற்சாலையில் கரும்புப் பாகையும் நைதரசனையும் கொடுத்து மதுவத்தை வளர்த்து, முடிவில் நைதரசனைக் குறைத்துவிடுகிறார்கள். பஞ்சம் வருகிறது என்று உணர்ந்த கலங்கள் வளர்ச்சியை நிறுத்தி ட்ரெகலோசைச் சேர்க்கத் தொடங்குகின்றன. ஆக, நாம் கடையில் வாங்கும் பைக்கற்றே இக்கட்டுரை பேசப்போகும் உணவறிதலின் விளைபொருள்தான்.

உலர்ந்த கலத்தைக் குளிர்நீரில் போட்டால், மென்சவ்வு சீராகுமுன் உள்ளிருப்பவை கசிந்துவிடும். 35 முதல் 40 பாகை செல்சியஸ் வரையான நீர் வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் இதைக் கணக்குப் போட்டே பெறலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 100 பாகையில் அன்றி 94 பாகையளவிலேயே கொதிக்கிறது. குழாய்த் தண்ணீர் 16 பாகை அளவில் இருக்கும். கொதிநீர் ஒரு கோப்பைக்குக் குழாய் நீர் இரண்டரைக் கோப்பை சேர்த்தால் கலவை 38 பாகைக்கு அருகில் வந்து நிற்கும். கீழே பதுளையிலோ கண்டியிலோ இதே அளவில் கலந்தால் சூடு கூடிவிடும்; அங்கே குழாய் நீரை இன்னும் சற்று அதிகமாக ஊற்ற வேண்டும். 55 பாகையைத் தாண்டினால் கலங்கள் விரைவாக இறக்கத் தொடங்கும் என்பதால், விரலை விட்டுப் பார்த்துச் சுடவில்லை என்று உறுதி செய்த பின்னரே மதுவத்தைத் தூவுங்கள். 10 நிமிடம் கழித்துக் கலக்குங்கள்.

இரண்டாம் படி: வாயுவை அளத்தல்

அரை லீற்றர்ப் போத்தல்கள் நான்கில் தலா 200 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரும் தலா ஒரு தேக்கரண்டி மதுவமும் இடுங்கள். முதலாவதில் வேறெதுவும் வேண்டாம். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி சீனி. மூன்றாவதில் இரண்டு தேக்கரண்டி பால்மா. நான்காவதில் 200 கிராம் சீனியை முன்கூட்டியே முழுதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். வாய்களில் பலூனை மாட்டி, நான்கையும் இளஞ்சூட்டு நீர் நிறைந்த ஒரே வாளியில் நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சூடு கிடைக்க வேண்டும். இல்லையேல் நீங்கள் அளப்பது உணவை அன்று, வெப்பநிலையை. போத்தலின் மூடியை மட்டும் ஒருபோதும் இறுக்கி மூடாதீர்கள். ஒருமுறை பலூன் தீர்ந்துபோய் மூடியைத் திருகி வைத்துவிட்டு நான் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மேசையிலிருந்த விடைத்தாள்கள் அனைத்தும் நனைந்திருந்தன.

ஒரு மணித்தியாலத்தில் இரண்டாம் பலூன் நிமிர்ந்து நிற்கும். முதலாவது சற்றே அசையும். அது கலத்துக்குள் சேமித்திருந்த ட்ரெகலோசும் கிளைக்கோசனும் எரிந்ததால் வந்தது. பால்மாப் போத்தலும் ஏறக்குறைய முதலாவதைப் போலவே இருக்கும். பாலிலுள்ள லக்டோசும் இனிப்புள்ள சக்கரைதான் என்றாலும், அதை உள்ளெடுத்து உடைக்கும் கருவிகள் பாண் மதுவத்திடம் இல்லை. நான்காவதுதான் பலரைத் திகைக்க வைக்கும். உணவு மலையாகக் குவிந்திருந்தும் பலூன் தொங்கிக் கிடக்கும். செறிந்த பாகு கலத்தின் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. கலமோ அதை ஈடுசெய்யக் கிளிசரோலை உண்டாக்கி உள்ளே சேர்க்க வேண்டியிருக்கிறது. கித்துள் மரத்திலிருந்து இறக்கிய பதநீர் சில மணித்தியாலங்களில் தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும்போது, அதையே காய்ச்சி எடுத்த கித்துள் பாணி மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே.

மூன்றாம் படி: வெளியே உள்ள சீனி உள்ளே செய்தியாவது

நாம் போடும் சீனி சுக்குரோசு. மதுவம் அதைப் பெரும்பாலும் அப்படியே விழுங்குவதில்லை. இன்வெற்றேசு என்ற நொதியத்தைக் கலச்சுவருக்கு அனுப்பி, அங்கேயே அதைக் குளுக்கோசாகவும் புரக்டோசாகவும் வெட்டிப் பின்னர் உள்ளெடுக்கிறது.

உள்ளெடுக்குமுன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? மதுவத்தின் மென்சவ்வில் குளுக்கோசைக் கொண்டுசெல்லும் வாயில் புரதங்கள் பல உள்ளன. அவற்றில் சில குளுக்கோசு நிறைந்திருக்கும்போது பேரளவில் அள்ளிவிடக் கூடியவை. சில மிகக் குறைந்த செறிவிலும் விடாமல் பொறுக்கக் கூடியவை. இந்த வாயில்களுக்கு அருகிலேயே, உருவத்தில் அவற்றைப் போன்றும் எதையும் உள்ளே விடாமலும் நிற்கும் இரண்டு புரதங்கள் உள்ளன: ஆர்.ஜி.டி-2, ஸ்னிப்-3. முன்னது அதிகக் குளுக்கோசையும் பின்னது குறைந்த குளுக்கோசையும் உணர்கின்றன. இவற்றின் நீண்ட வால்கள் கலத்தின் உட்பகுதியான குழியவுருவுக்குள் தொங்குகின்றன. வெளியே குளுக்கோசு பிணைந்ததும் வாயில் புரதங்களின் பரம்பரையலகுகள் மேலிருந்த பூட்டு உள்ளே விலகி, அந்தச் செறிவுக்குப் பொருத்தமான வாயில்கள் உற்பத்தியாகின்றன. இப்புரதங்கள் ஒரு காலத்தில் வாயில்களாக இருந்து, பின்னர் வேலை மாறிக் காவலாளிகளாகிவிட்டவை என்று எண்ணத் தோன்றுகிறது. உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களுள் இதுவும் ஒன்று.

இரண்டாவது வழி வளர்ச்சியின் விசையையே திருப்புகிறது. மென்சவ்விலுள்ள ஜி.பி.ஆர்-1 என்ற வாங்கி வெளியேயுள்ள குளுக்கோசை உணர்கிறது; உள்ளே வந்த குளுக்கோசு பொசுபேற்றேற்றம் அடையும்போது ராஸ் என்ற புரதம் தூண்டப்படுகிறது. இவ்விரு செய்திகளும், கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி.யிலிருந்து சக்கர ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூற்றை ஆக்கும் நொதியத்தில் வந்து சேர்கின்றன. சக்கர ஏ.எம்.பி. கூடியதும் புரதக் கைனேசு ஏ. விடுவிக்கப்படுகிறது. (கைனேசு என்பது மற்றப் புரதங்களில் பொசுபேற்றை ஏற்றி அவற்றின் வேலையை மாற்றும் நொதியம்.) அது ட்ரெகலோசையும் கிளைக்கோசனையும் உடைக்கச் செய்கிறது, சக்கரை உடைப்பை விரைவுபடுத்துகிறது, புரதங்களைத் தொகுக்கும் இரைபோசோம்களின் உற்பத்தியைக் கூட்டுகிறது, நெருக்கடிக் காலத்துப் பரம்பரையலகுகளை அடக்குகிறது. உலர்ந்த மதுவம் சீனிநீரில் விழுந்த சில நிமிடங்களுக்குள்ளேயே இவை தொடங்கிவிடுகின்றன.

நான்காம் படி: குளுக்கோசு தீரும்போது

மதுவத்திடம் விந்தையான ஒரு குணம் உண்டு. ஒட்சிசன் தாராளமாக இருந்தாலும், குளுக்கோசு மிகுந்திருந்தால் அது சுவாசத்தைக் குறைத்துக்கொண்டு நொதித்தலையே நாடுகிறது. ஒரு குளுக்கோசு மூலக்கூற்றை நொதித்தலால் உடைத்தால் நிகரமாக 2 ஏ.ரி.பி. மட்டுமே கிடைக்கும், இழைமணியில் சுவாசித்தால் பல மடங்கு கிடைக்கும். வெளிப்பார்வைக்கு இது ஊதாரித்தனம். ஆனால் பழுத்து விழுந்த ஒரு பழத்தில் மற்ற நுண்ணுயிர்களோடு போட்டியிடும் மதுவம் சக்கரையை முதலில் அள்ளிக்கொண்டு, அவற்றுக்கு ஒவ்வாத எதனோலை அங்கே நிரப்பி, போட்டி ஓய்ந்த பின் அந்த எதனோலையே உணவாக உட்கொள்கிறது என்று பார்த்தால் கணக்கு வேறாகத் தெரியும்.

அந்த மாற்றத்தை நடத்துவது ஸ்னிப்-1 என்ற கைனேசு. குளுக்கோசு நிறைந்திருக்கும் வரை மிக்-1 என்ற புரதம் கருவுக்குள் உட்கார்ந்து, மோல்ற்றோசு, கலக்டோசு, எதனோல் முதலியவற்றைப் பயன்படுத்தும் பரம்பரையலகுகளையும் சுவாசத்துக்கான பலவற்றையும் பூட்டி வைக்கிறது. குளுக்கோசு குறைந்தவுடன் ஸ்னிப்-1 செயற்பட்டு மிக்-1ஐக் கருவிலிருந்து வெளியேற்றுகிறது, பூட்டுகள் திறக்கின்றன. புதிய நொதியங்கள் உண்டாகும் வரை சிறிது நேரம் வளர்ச்சி தயங்கி நிற்கும்.

நம் மாவுக்கு இதுதான் நேரடியாகப் பொருந்தும். கோதுமை மாவில் சுயமாக உள்ள சக்கரை சொற்பம். மாப்பொருளை அமிலேசு நொதியம் வெட்டி மோல்ற்றோசைத் தொடர்ந்து ஊட்டுகிறது. நெடுநேரம் பொங்குவதற்கு அதுவே உணவு. நாம் சீனியைக் கொட்டினால், குளுக்கோசும் புரக்டோசும் தீரும் வரை மதுவம் மோல்ற்றோசைத் திரும்பியும் பார்க்காது. மாவின் எடையில் பத்து வீதத்துக்கு மேல் சீனி போனால் நான்காம் போத்தலில் கண்ட நீரிழப்பும் சேர்ந்துகொள்ளும். இனிப்புப் பணிஸ் போடும் பேக்கரிக்காரர்கள் மதுவத்தின் அளவைக் கூட்டுவது அதனால்தான்.

ஐந்தாம் படி: நைதரசன் இல்லாமல் வளர்ச்சி இல்லை

இப்போது பெருக்கத்தை அளப்போம். இதற்கு ஒரு தேக்கரண்டி மதுவம் வேண்டாம். அவ்வளவு போட்டால் தொடக்கத்திலேயே நீர் கலங்கிவிடும், வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோப்பை நீரில் ஒரு சிட்டிகை மதுவத்தைக் கரைத்து, அதிலிருந்து சில துளிகள் மட்டும் எடுங்கள். கொதிக்க வைத்து ஆறிய சீனிநீர் இரண்டு போத்தல்களில் இருக்கட்டும்; அந்தத் துளிகளை இரண்டிலும் இடுங்கள். ஒன்றில் கால் தேக்கரண்டி மார்மைட்டையும் கரைத்து விடுங்கள். மார்மைட் நீருக்கே நிறம் இருப்பதால், மதுவம் இடாத மார்மைட் நீர்ப் போத்தல் ஒன்றை ஒப்பிடுவதற்குத் தனியே வையுங்கள். வாய்களைப் பஞ்சால் அடைத்து, கம்பளியால் சுற்றி, அடுப்புக்கு அருகில் சூடு படும் இடத்தில் ஒன்றரை நாள் வரை விடுங்கள்.

போத்தலுக்குப் பின்னால் பத்திரிகைத் தாளைப் பிடித்து எழுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள். சீனிநீரின் பின்னால் எழுத்து ஏறக்குறையத் தெளிவாகவே தெரியும். மார்மைட் இட்டதன் பின்னால் எழுத்து மங்கிவிடும், அடியில் வெண்மண்டியும் படிந்திருக்கும். மார்மைட் என்பதே மதுவச் சாறு. முந்திய தலைமுறையின் அமினோ அமிலங்களையும் விற்றமின்களையும் தின்று அடுத்த தலைமுறை வளர்கிறது. தேயிலை மலைக்கு அமோனியம் சல்பேற்றுப் பசளை போட்ட பின் கொழுந்து எப்படி வருகிறது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. மதுவமும் அமோனியத்தை விரும்பி எடுக்கும்; அதற்காகத் தோட்டத்துப் பசளையை அடுக்களைப் போத்தலில் போட வேண்டாம்.

கலத்தில் நைதரசனை எடைபோடும் புரதத்துக்கு டோர் என்று பெயர். இந்தப் பெயரின் கதை கடலுக்கு அப்பால் தொடங்குகிறது. 1964இல் பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு பற்றீரியாவிலிருந்து பிற்காலத்தில் ஒரு பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அத்தீவின் சொந்தப் பெயர் ரபா நுய். ஆகவே பொருளுக்கு ரபமைசின் என்று பெயரிட்டார்கள். ரபமைசின் பட்ட மதுவம், உணவு நிறைந்த நீரில் இருந்தும், பட்டினி கிடப்பதைப் போல வளர்ச்சியை நிறுத்தியது. அதற்கு அடங்காத மதுவ விகாரங்களை, அதாவது பரம்பரையலகு மாறிய கலங்களை, தேடிப் பிடித்து, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோசப் ஹைற்மன், ராவ் மோவா, மைக்கல் ஹோல் ஆகியோர் 1991இல் ரபமைசினின் இலக்கைக் கண்டறிந்தார்கள். அந்த இலக்கே டோர்; ரபமைசினின் இலக்கு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் இப்பெயர். மனிதக் கலங்களிலும் அதன் இனப்புரதம் இருக்கிறது; மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க இதே ரபமைசின் மருந்தாகக் கொடுக்கப்படுகிறது.

டோர் மற்றப் புரதங்களோடு சேர்ந்து அமைக்கும் முதலாம் கூட்டுத்தொகுதி, கலத்துக்குள் உள்ள பை போன்ற புன்வெற்றிடத்தின் மென்சவ்வில் அமர்ந்திருக்கிறது. மதுவத்தின் புன்வெற்றிடம் அமினோ அமிலங்களைச் சேமிக்கும் களஞ்சியமாகவும் பழையவற்றை உடைக்கும் இடமாகவும் இருப்பதால், களஞ்சியத்தின் வாசலிலேயே கணக்கப்பிள்ளையை இருத்தியது போன்ற ஏற்பாடு இது. குளுற்றமின் போன்ற நல்ல நைதரசன் மூலங்கள் இருந்தால் டோர் முழுவீச்சில் செயற்பட்டு, இரைபோசோம் உற்பத்தியை ஊக்குவிக்கிறது. புரோலின் போன்ற தரங்குறைந்த மூலம் மட்டுமே இருந்தால் அதன் வேகம் தணிகிறது. கிடைப்பதையெல்லாம் பொறுக்கும் வாயில் புரதங்கள் மென்சவ்வில் தோன்றுகின்றன.

இந்தக் கட்டுப்பாடு ஏன் இவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு ஓர் எண்ணைச் சொன்னாலே போதும். விரைவாக வளரும் ஒரு மதுவக் கலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 இரைபோசோம்களை ஆக்குகிறது. நல்ல உணவில் அது 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதால், ஒரு தலைமுறைக்குள் கிட்டத்தட்ட இரண்டு இலட்சம். கலத்தின் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே போகிறது. கையில் நைதரசன் இல்லாமல் இந்தக் கட்டட வேலையைத் தொடங்கினால் கலம் பாதியில் கடனாளியாகிவிடும்.

டோருக்குத் துணையாக இன்னொரு காவலும் உண்டு. ஓர் அமினோ அமிலம் மட்டும் குறைந்தாலும் அதைச் சுமக்க வேண்டிய கடத்து ஆர்.என்.ஏ. வெறுங்கையோடு நிற்கும். ஜி.சி.என்-2 என்ற கைனேசு அந்த வெறுங்கையைக் கண்டு பொதுவான புரதத் தொகுப்பைக் குறைத்து, அமினோ அமிலங்களைத் தானே தயாரிக்கும் வழிகளைத் திறந்துவிடுகிறது.

ஆறாம் படி: அரும்புகளை எண்ணுதல்

பாண் மதுவம் இரண்டாகப் பிளப்பதில்லை. தாய்க் கலத்தின் பக்கத்தில் சிறு அரும்பு முளைத்து, பருத்து, பிரிகிறது. மார்மைட் போத்தலிலிருந்து அது கலங்கத் தொடங்கும் வேளையில் ஒரு துளியும், பின்னர் அடிமண்டி படிந்து நான்கைந்து நாள் ஆனபின் ஒரு துளியும் எடுத்து, 400 மடங்கு உருப்பெருக்கத்தில் தலா நூறு கலங்களை எண்ணுங்கள். மெதிலீன் நீலம் ஒரு துளி இட்டால் இறந்த கலங்கள் நீலமாகும். அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முதல் துளியில் பாதிக்கு மேற்பட்ட கலங்களில் அரும்பு இருக்கும். இரண்டாவதில் பெரும்பாலானவை அரும்பில்லாத தனி உருண்டைகளாக இருக்கும்.

இந்த வேறுபாடு தற்செயலானதன்று. அரும்பு விடுமுன் கலம் ஒரு வாசலைக் கடக்க வேண்டும் என்பதை, வெப்பநிலையால் பாதிக்கப்படும் மதுவ விகாரங்களைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர் லீலண்ட் ஹார்ட்வெல் காட்டினார். அதற்குத் தொடக்கம் என்றே பெயரும் வைத்தார். 2001இல் போல் நேர்ஸ், ரிம் ஹண்ட் ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாசலைக் கடந்த கலம் இடையில் உணவு நின்றாலும் சுற்றை முடித்தே தீர முயலும். கடக்காத கலமோ அங்கேயே நின்றுவிடும். பட்டினி கிடக்கும் கூட்டத்தில் அரும்பில்லாத கலங்களே மிஞ்சுவது அதனால்தான்.

வாசலைக் காப்பது வி-5 என்று நான் சுருக்கி எழுதும் ஒரு தடுப்புப் புரதம்; அதைத் தளர்த்துவது, கலச் சுற்றை முன்செலுத்தும் சைக்கிளின் வகைப் புரதமான சி.எல்.என்-3. உணவு நன்றாக இருந்தால் சி.எல்.என்-3 விரைவாக உண்டாகும். கலம் பருக்கப் பருக்கத் தடுப்புப் புரதத்தின் செறிவு நீர்த்துப்போவதே வாசல் திறப்பதற்குக் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. அழகான விளக்கம்தான், ஆயினும் ஆய்வாளர்களிடையே அது இன்னும் வாதத்தில் இருக்கிறது. உறுதியாகத் தெரிந்தது இது: செழிப்பான உணவில் வளரும் கலங்கள் பெரிதாகிய பின்னரே அரும்பு விடுகின்றன, வறிய உணவில் சிறிய அளவிலேயே விட்டுவிடுகின்றன.

ஏழாம் படி: பட்டினியில் நடப்பது

நைதரசன் முற்றாக நின்றுவிட்டால் டோர் ஓய்ந்து, தன்னையே தின்னும் ஏற்பாடு தொடங்குகிறது. குழியவுருவின் பகுதிகளை ஒரு மென்சவ்வு சுற்றிப் பொதியாக்கிப் புன்வெற்றிடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க, அங்கே அவை உடைந்து அமினோ அமிலங்களாகத் திரும்புகின்றன. புன்வெற்றிடத்தில் உடைக்கும் நொதியங்கள் இல்லாத மதுவத்தைப் பட்டினி போட்டால் பொதிகள் உடையாமல் சேர்ந்துகொண்டே போகும் என்று எண்ணிய ஜப்பானிய ஆய்வாளர் யோசினோரி ஓசுமி, சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே அவை குவிந்து துள்ளுவதைக் கண்டார். 2016ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குத் தனித்துக் கிடைத்தது.

சக்கரையும் நைதரசனும் சேர்ந்து குறையும்போது, புரதக் கைனேசு ஏ.யும் டோரும் இதுவரை அடக்கி வைத்திருந்த ரிம்-15 என்ற கைனேசு விடுபட்டு, கலத்தை ஓய்வுக்குள் செலுத்துகிறது. கலச்சுவர் தடிக்கிறது, ட்ரெகலோசு சேர்கிறது, வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் வலு கூடுகிறது. முதற்படியில் நாம் எழுப்பியது ஏறத்தாழ இந்த நிலையிலிருந்த கலங்களைத்தான்.

எட்டாம் படி: அடுக்களைக்குத் திரும்புதல்

பனிக்காலத்தில் மா பொங்காதபோது முதலில் சூட்டைப் பாருங்கள். பிசைந்த மாவை மூடிய சட்டியோடு இளஞ்சூட்டு நீருள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வைத்து, நீர் ஆறும்போது மாற்றுங்கள். லயத்து வீட்டில் விறகடுப்பு இருந்தால் தணல் அவிந்த பின் அதன் திண்ணையே போதும். மதுவத்தைத் தனியே இளஞ்சூட்டு நீரில் ஒரு சிட்டிகைச் சீனியோடு எழுப்பி, 10 நிமிடத்தில் நுரை வந்தால் மட்டும் மாவில் சேருங்கள். நுரை வராவிட்டால் பைக்கற் பழையது. சீனி அதைத் திருத்தாது. பணிசுக்கு வேண்டிய மிகுதிச் சீனியை, மா ஒருமுறை பொங்கிய பின் இரண்டாம் பிசைதலில் சேர்ப்பது என் வழக்கம்.

ஐந்தாம் படியில் சேர்ந்த அடிமண்டியைக் கொட்டிவிடாதீர்கள். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் புதிய சீனி மார்மைட் நீரிலும் மற்றதை வெறும் சீனிநீரிலும் விட்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒரு துளி வீதம் எடுத்து அரும்புகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். வாயு இரண்டிலும் வரும். ஆனால் முதலாவதில் முதல் அரும்புகள் தலைகாட்டும் நேரத்தைக் குறித்து வைத்தால், ஓய்ந்திருந்த கலம் உணவைக் கண்டறிந்து, களஞ்சியத்தைக் கணக்குப் பார்த்து, தொடக்க வாசலைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு என்பது உங்கள் கொப்பியிலேயே எழுதப்பட்டிருக்கும்.